சீயஸுக்குக் கொடுத்த குரல்

அவளைக் கிளி என்று கூப்பிட ஆரம்பித்தது பள்ளிக்கூடத்தில். ஒருநாள் தலைமையாசிரியை விடுப்பு. அவள் வகுப்பறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "யார் அங்கே பேசுறது?" என்று தலைமையாசிரியையின் குரலில் கேட்டாள். நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். வகுப்பு ஆசிரியையும் எழுந்து நின்றார். அதற்குத்தான் அடி விழுந்தது.

மறுநாள் தலைமையாசிரியை அவளைத் தன் அறைக்கு வரவழைத்து, அதை இன்னொரு தடவை செய்துகாட்டச் சொன்னார். செய்தாள். அவர் முகம் சுளித்தார்.

"நான் இப்படியா பேசறேன்? இது எங்க அத்தை மாதிரி இல்ல இருக்கு."

அதற்கு அடி விழவில்லை. கிளிக்கு அது ஆச்சரியமாக இருந்தது. பிறகு மறந்துபோயிற்று.

இப்போது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்து நான்கு வருடமாகக் கணவர் வீட்டு லாண்டரியில் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறாள். கவுன்டருக்குப் பின்னால் கூரையை ஒட்டி ஓர் இரும்புத் தண்டவாளம் வளைந்து வளைந்து ஓடும். துவைத்துத் தேய்த்த உடைகள் அதில் தொங்கும். பொத்தானை அழுத்தினால் எல்லா உடைகளும் ஊர்வலம் போல நகரும். வேண்டிய எண் வரும்போது கையை எடுக்க வேண்டும். தவறவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. அந்த நேரத்தில் வாடிக்கையாளர்கள் பேசுவார்கள். கிளி கேட்பாள். அவர்கள் போன பிறகு அவர்கள் குரலிலேயே அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்வாள். உள்ளே இஸ்திரி போடுபவர் சிரிப்பார். அவருக்கு நீராவி என்று பெயர். ஆவி இஸ்திரிப் பெட்டியால் வந்த பெயர் இல்லை. எதைச் சொல்வதற்கு முன்னாலும் நீளமாக ஒரு பெருமூச்சு விடுவார். அதனால் வந்தது.

கடை கிளியின் கணவருடைய அண்ணனுடையது. அறுபத்தெட்டு வயது. எல்லோருக்கும் அவர் பெரியவர். ஓரத்தில் கண்ணாடித் தடுப்பு போட்ட அறையில், சுழல் நாற்காலியில் இருப்பார். அங்கிருந்து கடையின் மூன்று சலவை இயந்திரங்களும் தெரியும். பேசுவதற்கு முன் தொண்டையை இரண்டு முறை கனைப்பார். யார் என்ன சொன்னாலும் அவர் பதில், "அதெல்லாம் எனக்குத் தெரியும்." மழை வருகிறது என்று சொன்னாலும் அதுதான். ஒருமுறை அவர் சட்டைக் காலரில் எறும்பு ஊர்கிறது என்று நீராவி சொன்னார். அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

பெரியவரின் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து பொத்தான் தைப்பார். கிளிக்கு அவர் அக்கா. யார் சட்டையில் எந்தக் கறை எப்போது பட்டது என்பது அக்காவுக்கு நினைவிருக்கும். எதையும் உடனே சொல்ல மாட்டார். "சரி… பார்க்கலாம்" என்பார். அந்த "பார்க்கலாம்" வந்தால் சம்பந்தப்பட்டவருக்கு அன்று சாப்பாடு இறங்காது.

கிளியின் கணவர் பெரும்பாலும் ஏதாவது ஓர் இயந்திரத்துக்கு அடியில் இருப்பார். வாடிக்கையாளர்களில் பலருக்கு அவருடைய பாதங்களைத்தான் தெரியும். ஒருமுறை வெளியே கடைவீதியில் அவர் வணக்கம் சொன்னபோது ஓர் அம்மாள் குனிந்து செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் பதில் வணக்கம் சொன்னார்.

கிரேக்கக் கடவுள்கள் இந்தக் கடைக்குள் வந்தது பஞ்சுப் போர்வைகளோடு.

அடுத்த தெருவில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவர் வருடத்துக்கு இரண்டு முறை ஏழு தடித்த போர்வைகளைச் சலவைக்குக் கொண்டுவருவார். ஏழு போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறவர் என்று கடையில் வெகுநாள் நினைத்திருந்தார்கள். எதிரொலி வராமலிருக்க அவற்றைச் சுவரில் தொங்கவிடுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. இந்த முறை அவர் வந்தபோது கிளி பின்பக்கம் திரும்பி நின்று, முந்தைய வாடிக்கையாளரான பல் மருத்துவரின் குரலில் நீராவியிடம் பேசிக்கொண்டிருந்தாள். கூடக்காரர் மருத்துவரைத் தேடினார். ஒருவரும் இல்லை.

"மேடம், நீங்க புஸ்தகம் படிப்பீங்களா?"

"ரசீது படிப்பேன்."

"போதும்."

கிரேக்கப் புராணத்தை யாரோ புதிதாக எழுதியிருந்தார்கள். அதை ஒலிநூலாக்கும் வேலை அவரிடம் வந்திருந்தது. அந்தப் புத்தகத்தில் ஒலிம்பஸ் என்பது மலை இல்லை. பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு. உச்சி மாடியில் சீயஸ். அடித்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கும் கீழே ஹேடிஸ். செவ்வாயும் வியாழனும் மதியம் இரண்டிலிருந்து நான்குவரை, கடையில் கூட்டமில்லாத நேரத்தில், கிளி போய்ப் படிக்க வேண்டும். பெரியவரிடம் அனுமதி கேட்டாள்.

"மாமா, அவர் ஒரு புஸ்தகம் படிக்கக் கூப்பிடறார்."

பெரியவர் இரண்டு முறை கனைத்தார். "அதெல்லாம் எனக்குத் தெரியும்," என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

எழுத்தாளர் ஒரு தாளில் ஒவ்வொரு கடவுளின் குணத்தையும் எழுதி அனுப்பியிருந்தார். கிளி அதைப் பலமுறை படித்தாள்.

'சீயஸ்: கோபக்காரர் அல்ல. அவர் கோபப்படுவதற்குள் எல்லோரும் பயந்துவிடுவதால், கோபப்படும் வாய்ப்பே கிடைக்காதவர்.'

'ஹீரா: பொறாமைக்காரி என்று பெயர். பொறாமைப்பட வைத்தவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.'

'ஹேடிஸ்: கெட்டவர் இல்லை. சீட்டுக் குலுக்கியபோது கீழ்த்தளம் விழுந்தது. மொத்தக் குடும்பத்தில் நேரத்துக்கு வேலைக்குப் போகிறவர் இவர் ஒருவரே.'

'ஹெஃபெஸ்டஸ்: பிடிக்காமல் உயரத்திலிருந்து தூக்கி எறிந்தார்கள். கால் போயிற்று. விழுந்த இடத்தில் பட்டறை போட்டுவிட்டார்.'

'ஏரிஸ்: போர்க் கடவுள். சண்டையை ஆரம்பிப்பார். அடிபட்டால் அப்பாவிடம் போய் அழுவார்.'

'அதீனா: எப்போதும் சரியாகவே சொல்வார். அதனால் விருந்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை.'

முதல் நாள் கிளி சீயஸுக்கு நாடகத்தில் வரும் ராஜா போல ஒரு குரல் கொடுத்தாள். போர்வைகளுக்கு நடுவில் அது நன்றாகத்தான் கேட்டது. கூடக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"குரல் இருக்கு. ஆள் இல்ல."

கிளி கையிலிருந்த தாளை மடித்தாள். "எனக்குக் குரலைச் செய்ய வராதுங்க. எடுக்கத்தான் வரும்."

"எங்கேர்ந்து?"

"பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட இருந்து."

"எடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

எடுத்தாள். எதிர்க்கடையில் சைக்கிள் பழுது பார்ப்பவர், சண்டை ஆரம்பித்துவிட்டு "என்னைப் பிடிங்கடா, பிடிங்கடா" என்று நாலு பேரைப் பார்ப்பார். அவர் ஏரிஸ் ஆனார். வங்கியில் "படிவத்தை முழுசாப் படிச்சீங்களா?" என்று கேட்கும் பெண் அதீனா. கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே பேசும் பல் மருத்துவர் அப்போலோ. ஹேடிஸ் வாயைத் திறக்குமுன் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். ஹீரா "சரி… பார்க்கலாம்" என்றபோது கூடக்காரர் தன்னையறியாமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹெஃபெஸ்டஸுக்கு, இயந்திரத்துக்கு அடியிலிருந்து வருவது போல, கொஞ்சம் அடைத்த, மன்னிப்புக் கேட்கிற தொனி.

சீயஸுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு கனைப்பு. பிறகு தானாக வந்தது. எழுத்தாளர் எழுதாத இடங்களிலும் சீயஸ் "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார். எழுத்தாளருக்கு அது பிடித்துப்போய், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மூன்று மாதத்தில் பதிவு முடிந்தது. அதற்கு அடுத்த வாரம் பெரியவர் எல்லோரையும் கண்ணாடி அறைக்கு முன்னால் கூப்பிட்டார்.

"முழங்கால் ஒத்துக்கலை. கடையை விட்டுடலாம்னு இருக்கேன்," என்றார். "ஊர் முழுக்கக் கிளை வெச்சிருக்காங்களே, அந்தக் கம்பெனிக்காரங்க கேக்கறாங்க. மிஷினெல்லாம் வேண்டாமாம். துணி வாங்கி வைக்கிற இடமா மட்டும் வெச்சுக்குவாங்களாம். இல்லைன்னா சின்னவன் நடத்தட்டும். ரெண்டுல ஒண்ணு. மாசக் கடைசியில சொல்றேன்."

சின்னவன் என்பது கிளியின் கணவர். அவர் அப்போதும் இரண்டாவது இயந்திரத்துக்கு அடியில்தான் இருந்தார். பாதங்கள் மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. அந்த மூன்று இயந்திரங்களையும் அவர் இருபத்தைந்து வருடமாகச் சாகவிடாமல் வைத்திருந்தார். அவை போய்விட்டால் அவர் எதற்கு அடியில் போய்ப் படுப்பார் என்று கிளியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டாள்.

"நீங்க கேளுங்களேன் அவரை. எனக்குத்தான் வேணும்னு."

"கேட்டா என்ன சொல்வாரு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியும்பாரு."

"பின்ன எதுக்குக் கேக்கணும்? அவருக்குத்தான் தெரியுமே."

அன்று இரவு முழுவதும் கிளியை வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. பெரியவர் ஒரு சொல்லுக்காக ஒருவரோடு பதினோரு வருடம் பேசாமல் இருந்தவர். அவருடைய குரல், அவருடைய கனைப்பு, அவருடைய "எனக்குத் தெரியும்" எல்லாம் ஊர் சிரிக்கிற மாதிரி ஒரு சீயஸின் வாயில் இருக்கிறது. அது அவர் காதில் விழுந்தால் கடை யாருக்கு என்று யோசிக்கக்கூட வேண்டியதில்லை.

மறுநாளே கூடத்துக்கு ஓடினாள்.

"சீயஸை மட்டும் மாத்திடலாங்க. வேற குரல் போட்டுத் தர்றேன்."

"யாரு குரல்?"

"உங்க குரல் தர்றேன்."

கூடக்காரர் அரண்டுபோனார். "என் குரல்ல சீயஸா? நான் லிஃப்டுல ஏறினா பொத்தானை அழுத்தக்கூடப் பயந்து, அடுத்தவங்க அழுத்தட்டும்னு நிக்கிறவன். வேண்டாம்மா. அதோட போன வெள்ளிக்கிழமையே வெளியே விட்டாச்சு."

"யாராவது கேக்கறாங்களா?"

"எல்லாரும் கேக்கறாங்க. சீயஸ்தான் ரொம்பப் பிடிச்சிருக்காம்."

கிளி அந்த வாரம் கவுன்டரில் எண்களைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தாள். உடைகள் சுற்றிச் சுற்றி வந்தன.

செய்தி அக்காவின் தங்கை வழியாக வந்தது. அவள் வேறு ஊரிலிருந்து ஃபோன் செய்து, உங்க கிளி குரலைக் கேட்டோம் என்றாள். அக்கா அன்று மதியம் ஒரு சின்ன ஒலிபெருக்கியோடு கடைக்கு வந்தார்.

"நம்ம வீட்டுப் பொண்ணு பேசியிருக்கு. ஊரே கேக்குது. நாம கேக்கலைன்னா எப்படி?"

"மிஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்காதுக்கா," என்றாள் கிளி.

"மிஷினை நிறுத்து," என்றார் பெரியவர், கண்ணாடி அறையிலிருந்து.

பட்டப்பகலில் மூன்று இயந்திரங்களும் ஒன்றாக நிற்பது கிளி பார்த்து அதுதான் முதல் தடவை.

முதல் அத்தியாயத்தில் குரோனஸ். தன் பிள்ளைகளில் ஒருவன் தன்னை இறக்கிவிடுவான் என்று பயந்து, பிறந்த பிள்ளைகளை வரிசையாக விழுங்குகிறவர். அவருக்கு வசனமே இல்லை. விழுங்கும் சத்தம் மட்டும்தான். கிளி அதைத் தண்ணீர் குடித்துச் செய்திருந்தாள். கடைசிப் பிள்ளையான சீயஸை மட்டும் தாய் ஒளித்துவைத்து, துணியில் சுற்றிய ஒரு கல்லை நீட்டுகிறாள். அதையும் விழுங்கிவிடுகிறார். "நாக்குல ருசியே கிடையாது போல," என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். கிளி சிரிக்கவில்லை. அவளுக்கு அடுத்தது என்னவென்று தெரியும்.

ஒலிபெருக்கி இரண்டு முறை கனைத்தது.

"மொட்டை மாடியில தண்ணி ஒழுகுதா? அதெல்லாம் எனக்குத் தெரியும்."

நீராவியின் கை சட்டை மேல் அப்படியே நின்றது. ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது. இயந்திரத்துக்கு அடியிலிருந்து பாதங்கள் வெளியே வந்தன. பின்னாலேயே முழு ஆளும் வந்து எழுந்து நின்றார். அக்கா பொத்தானின் நூலைப் பல்லால் கடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் கண்ணாடி அறையைப் பார்த்தார்கள்.

பெரியவர் எழுந்து வெளியே வந்தார். ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து நின்றார். சீயஸ் ஒரு முழுப் பக்கம் பேசி முடித்தார்.

"நிறுத்து," என்றார்.

அக்கா நிறுத்தினார்.

"இது எங்க அப்பா."

பெரியவர் ஒலிபெருக்கியைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்படியே எங்க அப்பா. அந்தக் கனைப்பைப் பாரு. யார் எதைச் சொன்னாலும் தெரியும் தெரியும்னு… டேய் சின்னவனே, உனக்குத் தெரியலை?"

கிளியின் கணவர் அண்ணனைப் பார்த்தார், ஒலிபெருக்கியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "ஆமாண்ணே," என்றார். "அப்பாவேதான்."

தன் குரலை எல்லோரும் மண்டை எலும்பு வழியாகத்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். வெளியிலிருந்து வந்தால் அது யாரோ உறவுக்காரர் குரல். அன்று இது இன்னும் மூன்று முறை நிரூபணமாயிற்று. ஹீரா பேசியதும் அக்கா, "யாருடி இவ, சரியான திமிர் பிடிச்சவ. ஆனா சொல்றது அத்தனையும் நியாயம்," என்றார். ஹேடிஸ் வந்ததும் நீராவி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். "என்ன மனுஷன் இவரு! வாயைத் திறக்கறதுக்குள்ள நாலு சட்டை தேய்ச்சிடலாம்."

மூன்றாவது, வீட்டில். கிளியின் கணவர் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அண்ணன் இருக்காரு. அண்ணி இருக்காங்க. நீராவி இருக்காரு. பல் டாக்டர் இருக்காரு. என் குரலை மட்டும் உனக்கு எடுக்கத் தோணலை."

"அந்த லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் எப்படி இருந்தார்?"

"ஹெஃபெஸ்டஸா? நல்ல மனுஷன். ஆனா ரொம்பப் பயந்தாங்கொள்ளி. வேணும்னா வாயைத் திறந்து கேக்க வேண்டியதுதானே? எனக்கே எரிச்சலா வந்துச்சு."

கிளி அவருக்கு இன்னொரு கரண்டி போட்டாள். 

அதன் பிறகு பெரியவர் ஒலிபெருக்கியைக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய்விட்டார். தினமும் கேட்டார். கேட்டதோடு விடவில்லை, சீயஸோடு சண்டை போட்டார். "கேளேன்! அந்த அதீனாப் பொண்ணு சொல்றதைக் கேளேன்!" என்று கத்துவது கவுன்டர்வரை வரும். துணி கொடுக்க வந்தவர்கள் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

ஏழாவது அத்தியாயம்தான் அவரைப் படாதபாடு படுத்தியது. ஒலிம்பஸின் லிஃப்டைக் கட்டியது ஹெஃபெஸ்டஸ். பழுது பார்ப்பதும் அவரே. ஆனால் மொட்டை மாடியில் இருக்கும் இயந்திர அறையின் சாவி சீயஸிடம். லிஃப்ட் நிற்கும் ஒவ்வொரு முறையும் நொண்டிக் காலோடு பன்னிரண்டு மாடி ஏறி அவர் சாவி கேட்க வேண்டும். என்னிடமே இருக்கட்டுமே என்று ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். சாவி என்னிடம் இருப்பதுதான் கட்டடத்துக்கு நல்லது என்கிறார் சீயஸ். மறுநாள் லிஃப்ட் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நிற்கிறது. உள்ளே சீயஸ். சட்டைப் பையில் சாவி. கதவிடுக்கு வழியாகச் சாவியைக் கொடுங்கள், இரண்டு நிமிடத்தில் சரிசெய்கிறேன் என்று ஹெஃபெஸ்டஸ் வெளியிலிருந்து கெஞ்சுகிறார். சீயஸ் கொடுக்கவில்லை. ஏழு நாள் உள்ளேயே இருக்கிறார். யாராவது கேட்டால் தனிமையில் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லச் சொல்கிறார்.

"சாவியை இடுக்குல விடுய்யா!" பெரியவர் மேசையைத் தட்டினார். "கட்டினவன் அவன். ஓட்டறவன் அவன். இவரு சாவியை வெச்சுக்கிட்டு உள்ள உக்காந்து என்ன பண்ணப்போறாரு? இவரையே இவங்க அப்பன் முழுங்கப் பார்த்தான். அதுலேர்ந்து தப்பிச்சு வந்த ஆளு இப்படி இருக்கலாமா?"

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். "அதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? அவர்கிட்ட சொல்லுங்க."

"அவரு யார் பேச்சைக் கேப்பாரு?"

"அதுவும் சரிதான்," என்றார் அக்கா. "பார்க்கலாம்."

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. மதியம் பெரியவர் கிளியை உள்ளே கூப்பிட்டார். ஒலிபெருக்கி அணைந்திருந்தது. எதிரிலிருந்த ஸ்டூலைக் காட்டினார்.

"உக்காரு. ஒண்ணு கேக்கணும். எங்க அப்பா போய் நாலு வருஷம் கழிச்சுத்தான் நீ இந்த வீட்டுக்கு வந்தே."

"ஆமா மாமா."

"அவர் குரல் எங்கயும் பதிவாகலை. ஒரு கேசட் கிடையாது."

"ஆமா மாமா."

"அப்புறம் எப்படி?"

இந்தக் கேள்விக்குக் கிளி பல நாளாகப் பதில்கள் தயாரித்து வைத்திருந்தாள். எல்லாம் வேறு வேறு ஆட்களின் குரலில் நன்றாக இருந்தன. தன் குரலில் சொல்லிப் பார்க்கத்தான் மறந்திருந்தாள்.

"இந்தக் கடையில கேட்டதுதான் மாமா."

அது பொய்யில்லை. பெரியவர் சுவர்களை மெல்லப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தலையாட்டினார்.

"இருக்கும். பழைய கட்டடம். அந்தக் காலத்து ஆளுங்க குரல் லேசுல போகாது."

கண்ணாடிக்கு வெளியே அக்காவுக்கு இருமல் வந்தது.

பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். குரல் தணிந்திருந்தது. "கம்பெனிக்காரன் நாளன்னிக்கு வர்றான். நான் ஒரு முடிவும் எடுக்கலை. வெளியே சொல்லாதே. நீ அப்பாவைக் கொஞ்சம் கூப்பிடு."

"யாரை மாமா?"

"அப்பாவை. கடையை ஆரம்பிச்சவர் அவர். ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

 கண்ணாடி வழியாக மூன்றாவது இயந்திரம் தெரிந்தது. அதன் அடியில் இரண்டு பாதங்கள். அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் நடக்கும். ஒரு வரி போதும். ஒரு பாவமும் இல்லை, யாருக்கும் நஷ்டமும் இல்லை.

இரண்டு முறை கனைத்தாள். பெரியவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அப்பா, கடையை என்ன பண்ணட்டும்?"

"தம்பிகிட்ட குடுத்துடு," என்றாள் கிளி அந்தக் குரலில். "அவன் நல்லாப் பார்த்துக்குவான்."

பெரியவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு பொத்தானைக் கழற்றிவிட்டார்.

"இது அப்பா இல்ல. நீ சொல்றே."

அவளுடைய காது சிவந்தது. திருட்டு பிடிபட்டதற்காக இல்லை. எடுத்த குரல் சரியில்லை என்று இந்த வாழ்க்கையில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. தலைமையாசிரியைகூட அத்தை குரல் என்றுதான் சொன்னார். அந்தத் தொண்டையில் அந்தச் சொல் உட்காராது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அதை உட்காரவைக்கப் பார்த்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"இன்னொரு தடவை கேளுங்க மாமா."

கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது அவள் எதையும் சொல்லப் பார்க்கவில்லை. அந்தக் குரலை அதன் போக்கில் விட்டாள்.

"அப்பா, கடையை என்ன பண்ணட்டும்?"

கனைப்பு. இன்னொரு கனைப்பு. "சின்னவன்கிட்டயா? அவனுக்கு என்ன தெரியும்? அடியில போய்ப் படுத்துக் கிடக்கத் தெரியும். மூணே மாசத்துல கடையை இழுத்து மூடிடுவான். ஊர்ல எவனுக்கு வேணும்னாலும் குடு, அவனுக்குக் குடுக்காதே. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். அதெல்லாம் எனக்குத் தெரியும்."

துல்லியமாக வந்தது. மூச்சு விடும் இடம்கூடப் பிசகவில்லை. அந்தத் திருப்தியோடு கண்ணைத் திறந்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. ஒரு குரலைச் சரியாகப் பிடிப்பதற்காகக் கணவரின் மூன்று இயந்திரங்களையும் பழைய இரும்புக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

"மாமா, நான்…"

பெரியவர் கையை உயர்த்தினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"இதையேதான்," என்றார். "வார்த்தை மாறலை. முதல் மிஷின் வாங்கணும்னு நான் போய் நின்னேன். இவனுக்கு என்ன தெரியும்னாரு. மூணே மாசத்துல மூடிடுவான்னாரு. ஊர்ல எவனுக்கு வேணும்னாலும் குடுப்பேன், இவனுக்குக் குடுக்க மாட்டேன்னாரு. சாகற வரைக்கும் சாவியை இடுப்புலேர்ந்து எடுக்கலை." அவர் கிளியைப் பார்க்கவில்லை. அவளுடைய தலைக்கு மேலே, சுவரைப் பார்த்துப் பேசினார். "நீங்க சொல்லி நான் என்னைக்குக் கேட்டேன், இன்னைக்குக் கேக்க?"

ஃபோனை எடுத்து எண்களை ஓங்கி ஓங்கி அழுத்தினார்.

"நான்தான் பேசறேன். லாண்டரி. நாளன்னிக்கு வர வேண்டாம்… இல்லை, குடுக்கிறதா இல்லை… காரணமா? எங்க அப்பா உங்களுக்குத்தான் குடுக்கணும்னு சொல்றாரு. அதான் குடுக்கலை."

 மறுமுனையில் ஏதோ மெதுவாகக் கேட்டார்கள்.

"அவர்கிட்ட நீங்க பேச முடியாது. செத்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சு."

ஃபோனை வைத்தார். மூச்சு வாங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளியிடம் சந்தேகத்தோடு கேட்டார்.

"இன்னும் ஏதாவது சொல்றாரா?"

"இல்ல மாமா," என்றாள் கிளி. அவளுக்கே அடையாளம் தெரியாத ஒரு குரல் வந்தது. "ஒண்ணும் சொல்லலை."

"என்ன சொல்வாரு!"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். மூன்றாவது இயந்திரம் ஈரத் துணியை வேகமாகச் சுழற்றிக்கொண்டிருந்தது. தரை அதிர்ந்தது. அக்கா தையலை மடியில் வைத்துவிட்டார். பெரியவர் அந்தப் பாதங்களுக்குப் பக்கத்தில் நின்று, குனிய முடிந்த அளவு குனிந்து, சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"என்னண்ணே?" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "மிஷின் சத்தத்துல ஒண்ணும் விழலை!"

பெரியவர் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி.